சிவப்புப் புள்ளி வைத்த பிராசசர்

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு. கம்பளி கருகுவதுபோல, பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல. என் கணினியின் தூசியில் மட்டும் அதனோடு சாம்பிராணியும் சந்தனமும் கலந்திருக்கும். ஈப்போவின் புந்தோங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் விசையை அழுத்திவிட்டு உட்கார்ந்தால், உள்ளே காற்றாடி முக்கி முனகிச் சுழலத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை எழும்பி வந்து சட்டையில் ஏறும். மற்றவர்களுக்கு அது பூசையறை வாசனை. எனக்கு லகாட்டில் ஓர் அக்கா வீட்டுக் கூடம் கண்முன் வரும். அங்கே இரண்டு பேர் ஒரு திறந்த பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, பெட்டியைப் பார்க்காமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் நான்.

அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால் ஒரு தாள் எங்காவது பிறந்தாக வேண்டும். அந்தப் பிரசவம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அறிவிப்பு, ஆடித் திருவிழா நோட்டீஸ். சிரிக்கும் முகமும் மாலை போட்ட முகமும் ஒரே நாளில் என் திரையில் வந்து போகும். இரண்டுக்கும் ஒரே பூ ஓரத்தை வைத்துவிடாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம்.

அந்த வருடம் பெரிய வேலை ஒன்று வந்தது. செமோர் பக்கம் ரப்பர்த் தோட்டமாக இருந்து, மரங்கள் போய், தொழிலாளர் லயங்கள் போய், வரிசை வீடுகளாக மாறிவிட்ட ஓர் இடத்தின் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அதற்கு ஒரு சிறப்பு மலர் போட வேண்டும். ஊர் ஊராகச் சிதறிப்போன தோட்டத்துக் குடும்பங்கள் எல்லாம் படம் அனுப்பின. கைத்தொலைபேசிப் படங்கள், ஒவ்வொன்றும் யானைக் கனம். கோயில் தலைவர் வேலையைக் கொடுக்கும்போதே பின்கதவையும் திறந்து வைத்திருந்தார். முடியவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம், கோலாலம்பூரில் ஆள் தயாராக இருக்கிறாராம்.

மலரைத் திறந்தால் என் கணினி மூச்சடைத்து நின்றது. திரை வெளுத்துப்போகும். அம்புக்குறி வளையமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் எழுந்துபோய் தேத்தண்ணி கலக்கிக் குடித்துவிட்டு வந்தாலும் அது சுற்றிக்கொண்டிருக்கும். இதை இரண்டு பேர் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் மனைவி. இன்னொருவர் அவளுடைய தம்பி. அவருக்கு ஈப்போவில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் காவலாள் பிடித்துக்கொடுக்கும் வேலை.

“மச்சான், ஜாகா வேலைதான, என்ன கஸ்டம்? சட்டை தொப்பி எல்லாம் அவனே கொடுத்துருவான். கேட்டத் தொறக்கணும், மூடணும். இந்தப் பெட்டிய விட அது சுளுவாத் தொறக்கும்லா.”

என் மனைவி சிரிக்கவில்லை. மலர் நல்லபடியாக வெளியே வந்தால் இந்தத் தொழிலையே பாருங்கள், வராவிட்டால் தம்பி சொல்வதைக் கேளுங்கள் என்றாள். கத்தாமல் சொன்னாள். கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

நகரத்துக் கணினிக் கடையில் என் பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே இது இனி உதவாது, புதிது வாங்குங்கள் என்றார்கள். புதிதை விற்பவர் பழையதைப் பற்றிச் சொல்வதை எப்படி நம்புவது? நானே தேடிப் படித்தேன். என் மதர்போர்டு இன்னும் வலுவான ஒரு பிராசசரைத் தாங்கும் என்று தெரிந்தது. உடம்பு அதேதான், மூளையை மட்டும் மாற்றலாம். அப்படிப்பட்ட பழைய பிராசசர் ஒன்று லகாட்டில் விற்பனைக்கு இருப்பதாக இணையத்தில் ஓர் அறிவிப்பு. விலை என் கைக்கு அடங்குவதாக இருந்தது. அடங்கியதனாலேயே சந்தேகம் வந்தது.

விற்றவர் ஒரு பெண். முன்பு சைபர் கஃபே நடத்தியவர். எல்லோர் கையிலும் போன் வந்தபிறகு கடையை மூடிவிட்டு, கணினிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். போனில் பேசும்போது என்னைவிட அவருக்குத்தான் சந்தேகம் அதிகம். போர்டின் படத்தை அனுப்பச் சொன்னார். பிராசசரைத் தனியாகக் கொடுத்தனுப்ப மாட்டாராம். முழுப் பெட்டியையும் அவர் வீட்டுக்கே கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே மாட்டி, ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டுமாம். படம் எதற்கு, வீட்டுக்கு ஏன் வரச்சொல்கிறார் என்று நான் யோசித்தேன். இவன் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறான் என்று அவர் யோசித்திருப்பார். அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அக்கா என்றேன். யார் மூத்தவர் என்பதைக்கூட நாங்கள் ஒருவருக்கொருவர் வெளியிடவில்லை.

மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் கணினிப் பெட்டியின் கேசிங்கை நிமிர்த்தி வைத்து, டயர் ட்யூபை வெட்டிய ரப்பர்ப் பட்டையால் இறுக்கிக் கட்டினேன். ஒவ்வொரு குழியிலும் அது என் முதுகை இடித்தது. யாரோ பின்னால் உட்கார்ந்து, ஏமாறாதே ஏமாறாதே என்று தட்டிக்கொண்டு வருவதுபோல.

லகாட்டில் அவர் வீட்டுக் கூடத்தில் விளக்குச் சரம் மின்னும் மாதா படம். அதன் கீழே நீளமான மேசை. பக்கத்தில் தோலுரித்த கணினிகள் வரிசையாக. அவர் என் கேசிங்கைப் படுக்க வைத்துப் பக்கத்து மூடியைக் கழற்றினார். மூக்கைச் சுளித்தார்.

“அண்ணே, இது கம்ப்யூட்டரா, சாமி ரூமா? வாசம் இப்படி அடிக்குது.”

ஓடாவிட்டால் பழியை என் பெட்டிமேல் போடுவதற்கான முதல் அடி இது என்று நினைத்துக்கொண்டேன்.

விற்கவேண்டிய பிராசசரைப் பஞ்சுப் பொதியிலிருந்து எடுத்தார். தீப்பெட்டியளவு உலோகச் சில்லு. அதன் ஒரு மூலையில் சிவப்பாக ஒரு புள்ளி. நகச்சாயம். முன்பு ஒருவன் நல்ல பிராசசரை வாங்கிக்கொண்டு போய், அதேபோல் இருக்கும் செத்த ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்து பணம் கேட்டானாம். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் புள்ளி. என் முகத்தைப் பார்த்தபடி அந்தக் கதையைச் சொன்னார். கதை எனக்காகச் சொல்லப்பட்டது என்பது எனக்குப் புரிந்தது, புரிந்தது என்பது அவருக்கும் புரிந்தது.

காற்றாடியைக் கழற்றி, பழைய பிராசசரைத் தூக்கினார். அது இருந்த இடத்தில் மயிரிழைத் தங்க ஊசிகள் நூற்றுக்கணக்கில், புல்தரை மாதிரி சாய்ந்து நின்றன. சுற்றிலும் பழுப்புத் தூசி. கையளவு ஊதுகருவி ஒன்றை எடுத்து உஸ்ஸென்று ஊதினார். தூசி மேகமாகக் கிளம்பி அடங்கியது. அந்த நேரம் பார்த்து வெளியே லாரி ஹாரன். என் மோட்டார் சைக்கிள் வழியை மறிக்கிறதாம், அக்கா தள்ளி வைக்கச் சொன்னார். போனேன். தள்ளிவைத்தேன். திரும்பி வரும்போது சன்னல் பக்கமாகச் சற்று நின்றேன். அவர் குனிந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

புதிய பிராசசரை என் முன்னால் வைத்து, பசை தடவி, காற்றாடியை மாட்டி, அவருடைய திரையோடு இணைத்தார். ஓடியது. திரையில் பிராசசரின் பெயர் வந்ததை இருவரும் சேர்ந்து வாசித்தோம். மற்ற எதையும் வாசிக்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் மலரைத் திறந்தேன். முதல் பக்கம் பட்டென்று விரிந்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான்காம் பக்கத்தில் மறுபடியும் வளையம். ஏனென்று தோண்டிப் பார்த்தேன். ரேம் பாதியாகிவிட்டிருந்தது. ரேம் என்பது கணினிக்கு மேசை மாதிரி, அதன்மேல்தான் பக்கங்களைப் பரப்பி வைத்து வேலை செய்யும். எனக்கு எட்டு ஜிபி இருந்தது. திரை நான்கு என்றது. பாதி மேசையை யாரோ அறுத்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

மூடியைக் கழற்றினேன். இரண்டு ரேம் பலகைகளும் அதனதன் இடத்தில் இருந்தன. அப்போதும் மனம் ஆறவில்லை, இன்னும் கூர்மையானது. எடுத்திருக்க மாட்டார், மாற்றியிருக்கிறார். உயிருள்ளதை எடுத்துக்கொண்டு செத்ததைச் செருகியிருக்கிறார். லாரி, சன்னல், குனிந்த முதுகு. ஒரு பலகையில் ஒட்டியிருந்த சீட்டு பச்சையாக இருந்தது. என்னுடையது நீலமல்லவா? அதுவரை அந்தச் சீட்டின் நிறத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் அன்று மாலை எனக்கு அந்த நீலம் அவ்வளவு தெளிவாக நினைவிருந்தது. எந்த வெளிச்சத்தில் பார்த்தேன், எந்தச் சட்டை போட்டிருந்தேன் என்பதுவரை. சந்தேகம் நல்ல எழுத்தாளன். விவரங்களை அது கேட்காமலே கொடுக்கும். அவர் எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்திருந்தார். நான் எதற்கும் வைக்கவில்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

கோயில் தலைவர் போன் செய்தார். மாதிரிப் பக்கங்கள் எப்போது வரும், இல்லை அவர் கோலாலம்பூருக்கு அழைக்கட்டுமா என்றார். நாளைக்கு என்றேன். மனைவி, தன் தம்பியின் எண்ணைத் தேடுகிறவள்போலப் போனைத் தடவிக்கொண்டிருந்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

மறுநாள் காலையிலேயே கேசிங்கை மறுபடி கட்டிக்கொண்டு லகாட் போனேன். அவர் வாசல் கம்பிக்கதவைத் திறக்காமலேயே உள்ளேயிருந்து பார்த்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புள்ளி இருக்கான்னு மொதல்ல பாப்போம்லா.”

பிராசசரைத் திருப்பிக் கொடுக்க வரவில்லை என்றேன். வாரவங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க என்றார். கதவு திறந்தது. மேசைமேல் பெட்டியைப் படுக்க வைத்தோம். நான் வழியெல்லாம் கட்டிவைத்திருந்த பேச்சை அவிழ்த்தேன்.

“ரெண்டு ரேம்ல ஒண்ணு செத்துக் கெடக்குக்கா. எங்க வீட்டுல இருந்து கொண்டாரப்ப ரெண்டும் உசுரோடதான் இருந்துச்சு.”

அவர் ஸ்குரூ கழற்றியைக் கீழே வைத்தார்.

“லாரிக்காரன் ஹாரன் அடிச்சப்ப நான் மாத்திட்டேன்னு நெனைக்கிறீங்க.”

நான் லாரியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவராகவே சொன்னார். சந்தேகப்படுபவனுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

“சன்னல் பக்கம் நின்னு எட்டிப் பாத்தீங்கள்ல, அத நானும் பாத்தேன். கண்ணாடியில தெரிஞ்சிச்சு.”

மின்சாரம் இல்லாத ஒரு பழைய திரை, கறுப்பாக, எதிர்ச் சுவரோரம் நின்றது. அதில் சன்னலும் சன்னலில் இப்போது வெயிலும் தெரிந்தன. முதல் நாள் அதில் என் தலை தெரிந்திருக்கிறது.

பிறகு அவர் என் இரண்டு ரேம் பலகைகளையும் உருவி, ஒவ்வொன்றாக வேறொரு கணினியில் செருகிக் காட்டினார். இரண்டும் உயிரோடு இருந்தன. அந்தக் கணினி பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் என் நினைப்பை வாசித்தவர்போல, ஒரு பலகையை எடுத்து என் கையிலேயே கொடுத்து, என் பெட்டியில் எந்தப் பள்ளத்தில் வேண்டுமானாலும் என்னையே மாட்டிப் பார்க்கச் சொன்னார். மாட்டிப் பார்த்தேன். முதல் பள்ளத்தில் எதைச் செருகினாலும் தெரிந்தது. இரண்டாவதில் எதைச் செருகினாலும் தெரியவில்லை. என் நீலச் சீட்டு அந்த இடத்திலேயே கரைந்து போனது. நான் அதை விட்டுவிட்டு அடுத்த கொம்பில் தாவினேன். அப்படியானால் கோளாறு உங்கள் பிராசசரில்தான் என்றேன். ரேம் பள்ளத்தின் கம்பிகள் அதற்குத்தானே போகின்றன, நீங்கள் விற்றது ரோசாக்கான, கெட்டுப்போன சாமான்.

அவர் முகம் சுருங்கியது. முதல் தடவையாகக் கோபமில்லாமல் பயம் தெரிந்தது. அவரிடம் மிஞ்சியிருந்த மற்ற பிராசசர்களும் மூடிய அதே கஃபேயிலிருந்து வந்தவை. ஒன்று கெட்டது என்று பேச்சு கிளம்பினால் மற்றவற்றை யார் வாங்குவார்கள்? காற்றாடியைக் கழற்றினார். பசையைத் துடைத்தார். புள்ளி இருந்தது. அதைப் பார்த்து ஒரு மூச்சு விட்டார். பிறகு பிராசசரைத் தூக்கித் திருப்பினார்.

அதன் அடிப்பக்கம் முழுக்கத் தங்கப் புள்ளிகள். அவற்றில் ஓர் ஓரமாக, தீற்றியதுபோல, சிவப்பு.

என் நாக்கு முந்திக்கொண்டது. “அக்கா, உங்க நகப்பாலீஷ் உள்ள எறங்கிருக்கு.”

அவர் கைவிளக்கை அடித்து ஊசிகளுக்கு நடுவிலும் பார்த்தார். அங்கேயும் சிவப்புத் துகள்கள் ஒட்டிக்கிடந்தன. மெல்லிய தாளை மடித்து, பிராசசரின் அடியில் ஒற்றி எடுத்தார். நகச்சாயம் அப்படி வராது. இது பொடியாக வந்தது. விரலிடையில் தேய்த்தார். முகர்ந்தார். விரலை அப்படியே என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“அண்ணே, எங்க வீட்டுல மாதா படம் இருக்கு, மெழுகுவத்தி இருக்கு. குங்குமம் ஏதுண்ணே?”

மாதா படத்தின் விளக்குச் சரம் அணைந்து எரிந்து அணைந்தது. எனக்கு வீட்டு முன்னறை தெரிந்தது. சரஸ்வதி பூசை கழிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தொழில் செய்யும் கருவிக்கெல்லாம் பொட்டு வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கருவி என்றால் இந்தக் கேசிங்தான். ஒவ்வொரு வருடமும் அதன் தலையில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும். தலையில்தான் காற்றுப்போகும் துளைகள். இந்த வருடம் என் மனைவி ஒரு பொட்டோடு நிறுத்தவில்லை. துளை வரிசை நெடுக, விரலால் தொட்டுத் தொட்டு, ஒரு கோலம் மாதிரியே வைத்தாள். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, மலர் நல்லா வரணும்ல என்றாள். ஜாகா வேலைக்குப் போகச் சொன்ன அதே வாயால் சொன்னாள். காய்ந்த பொடி துளை வழியாக உள்ளே விழுந்து தூசியோடு கிடந்திருக்கிறது. மோட்டாரின் குலுக்கல் அதை இன்னும் கீழே இறக்கியிருக்கிறது. ஊதியபோது கிளம்பி, திறந்து கிடந்த ஊசிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சிவப்பு மறித்த ஊசிகளில்தான் என் பாதி மேசை நின்றுகொண்டிருந்தது.

நான் சொல்லி முடித்ததும், ஊதியது அவர்தானே என்று அவரே முணுமுணுத்தார். முணுமுணுத்துவிட்டு உடனே சுதாரித்துக்கொண்டார். ஊசிகளை அவர் தொட மாட்டாராம். ஒன்று வளைந்தாலும் பழி அவர்மேல் வரும். சுத்தம் செய்வதானால் நானே செய்ய வேண்டும், அவர் பார்த்துக்கொண்டிருப்பார். அலமாரியிலிருந்து முகத்துக்குப் பவுடர் தடவும் சிறு தூரிகை ஒன்றையும் ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்து வைத்தார். கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தேன். தூரிகையின் நுனியால் தொட்டேனா தொடவில்லையா என்னும்படி வருடினேன். ஒவ்வொரு துகளாக விட்டுக்கொடுத்தது. ஒருத்தி வேண்டிக்கொண்டதை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். “மெதுவாண்ணே, மெதுவா” என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் எனக்காகச் சொன்னாரா, ஊசி வளைந்தால் தான் முன்பே எச்சரித்ததாக இருக்கட்டும் என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

காயவிட்டோம். பிராசசரை வைத்தார், பசை, காற்றாடி, இரண்டு பலகைகள். விசையை நான் அழுத்தினேன். இந்தத் தடவை திரையில் வந்த எல்லா வரிகளையும் வாசித்தோம். எட்டு.

மலரைத் திறந்தேன். நான்காம் பக்கம் விரிந்தது. ஐந்தாவது, அதற்கடுத்தது, திருமண மண்டபத்தில் நிற்கும் குடும்பங்கள், பால்குடம் எடுக்கும் பெண்கள், யாரோ ஒருவருடைய புதுக் காருக்கு முன்னால் யாரோ ஒருவர், எல்லாம் தடையில்லாமல் ஓடின. அக்காவும் கொஞ்ச நேரம் பார்த்தார். கோயில் தலைவரை நானே அழைத்துச் சொன்னேன். அவர் நம்பவில்லை. திரையைப் படமெடுத்து அப்போதே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பார்போல. சற்று நேரம் கழித்து, தன் படம் கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்று செய்தி வந்தது. வேலை என் கையில்தான் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. காவலாள் சட்டை வேறு யாருடைய தோளுக்காவது போகும்.

ரப்பர்ப் பட்டையால் கேசிங்கைக் கட்டினேன். அக்கா கம்பிக்கதவுவரை வந்தார். மன்னிப்பு போன்ற எதையாவது சொல்லலாமா என்று யோசித்தேன். அவரும் அப்படி ஏதோ யோசிப்பதுபோல நின்றார். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினோம். மோட்டாரை முடுக்கி நகர்த்தியபோது அவர் குரல் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியது.

“அண்ணே, ஒரு நிமிசம். சட்டைப் பையில என்னா?”

குனிந்து பார்த்தேன். பேனாவுக்குப் பக்கத்தில், எப்போது செருகினேன் என்றே தெரியாமல், அவருடைய பவுடர்த் தூரிகை. முகம் சூடேற, அதை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீட்டிய என் கையைப் பிடித்துத் தூரிகையின் நுனியை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தார். மயிர்க்காலெல்லாம் குங்குமம் ஏறிச் சிவந்திருந்தது.

“நீங்களே வச்சுக்குங்கண்ணே. அடுத்த பூசை முடிஞ்சதும் வேணும்லா.”